அத்தியாயம் 4: கேரவன் – புது வண்டியா, கை மாறிய வண்டியா?

குடும்பத்தோடு கிளம்ப வேண்டும், இரவுக்கு லாட்ஜ் தேடக் கூடாது, வண்டியிலேயே படுத்து எழுந்து, பக்கத்திலேயே டீ போட்டுக் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இந்த ஆசை உறுதியானபின் வருகிற முதல் பெரிய முடிவு இது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கேரவன் விற்கும் ஷோரூம் வரிசை நமக்குப் பக்கத்தில் இல்லை. வண்டி தேடி திருச்சி, கரூர், கோவை, சில சமயம் கொச்சி, பெங்களூர் வரை போக வேண்டியிருக்கும். அலைச்சலும் செலவும் உண்டு என்பதால், கிளம்புமுன்பே எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

விலையிலிருந்து தொடங்காதீர்கள், ஆர்.சி.யிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. வண்டியின் வகை என்ன என்று அந்த ஆர்.சி.யில் எழுதியிருக்கிறதோ, அதுதான் வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி., நாளைக்கு விற்கும் விலை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

உங்கள் முன் இருப்பவை மூன்று வழிகள்

1. புது வண்டி. தொழிற்சாலையிலோ அங்கீகாரம் பெற்ற பாடி பில்டரிடமோ கேரவனாகவே கட்டி, கேரவனாகவே பதிவு செய்வது.
2. கை மாறிய கேரவன். முதல் உரிமையாளர் முறையாகக் கட்டிப் பதிந்த வண்டியை வாங்குவது.
3. கை மாறிய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அலமாரி, அடுப்பு வைத்து மாற்றுவது.

நம் பக்கம் புரோக்கரிடம் "பழைய கேரவன் இருக்கா?" என்று கேட்டால் அநேகமாக மூன்றாவதைத்தான் காட்டுவார்கள். சபரிமலை, வேளாங்கண்ணி, பழனி என்று சவாரி ஓடிய டெம்போ டிராவலராக இருக்கும். விலை குறைவாகத் தெரியும். ஆனால் மூன்றில் அதிகம் சிக்கல் உள்ள வழி அதுதான்.

காரணம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றத்தால் விபத்துக் கோரிக்கை மறுக்கப்படலாம். அப்போது மிச்சம் பிடித்த லட்சங்களும் போய்விடும்.

கேரவனுக்கென்று இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் வாங்கிய வடிவமைப்பைத்தான் கேரவனாகப் பதிவு செய்ய முடியும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், 2004ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி போக்குவரத்து வாகனம் அல்லாத பிரிவில் வருகிறது. அதாவது வெள்ளை போர்டு. பர்மிட் தேவையில்லை, 15 ஆண்டுக்குப் பதிவு. வாடகைக்கு விடுவதாக இருந்தால் கதை வேறு.

> குறிப்பு: "ஆர்.சி.யில் மாத்திக்கலாம்ணே, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்று விற்பவர் சொன்னால், மாற்றிய பிறகு காசு தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று இரவு வாடகைக் கேரவனில் தங்கிப் பார்ப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். கேரளத்தில் 2021இல் அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு வாகமனில் முதல் கேரவன் பூங்கா வந்தது. அங்கே வாடகை வண்டி தேடுவது எளிது. போகும்போது வீட்டின் மூத்தவர்களையும் அழைத்துப் போங்கள். அம்மாவால் இரவில் அந்தப் படி ஏறி இறங்க முடிகிறதா, அப்பாவால் அந்தக் கழிவறைக்குள் திரும்ப முடிகிறதா என்பது படத்தில் தெரியாது. வண்டியின் அளவு, படுக்கையின் திசை, கழிவறை வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் இந்த ஒரு பயணமே சொல்லிவிடும்.

திரும்பி வந்ததும் கீழே உள்ளவற்றுக்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள்:

1. ஆண்டுக்கு எத்தனை இரவு உண்மையிலேயே வண்டியில் தங்குவோம்? பள்ளி விடுமுறை, அறுவடை, கடை லீவு எல்லாம் பார்த்து எழுதுங்கள். பத்து இரவுக்குக் கீழே என்றால் வாங்கவே வேண்டாம், வாடகை போதும்.
2. வண்டி எங்கே நிற்கும்? மேலே கூரை இல்லாத இடம் என்றால் சித்திரை, வைகாசி வெயில் ஜன்னல் ரப்பரையும் கூரை ஒட்டுப்பசையையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.
3. யார் ஓட்டுவார்? கார் லைசென்ஸ் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம்.
4. எந்தப் பாதைகளில் போவீர்கள்? உயரமான வண்டிக்கு நம் ஊர்க் கண்மாய்க்கரைச் சாலையின் கருவேலங்கிளையும், ரயில்வே சுரங்கப்பாதையும், கோயில் தேரடித் தெருவின் கேபிள் வயரும் தடைகள்.

புது வண்டி யாருக்கு?

ஆண்டுக்கு 30, 40 இரவு பயணம் போகப் போகிறவர், எட்டுப் பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர், மெக்கானிக் வேலை தெரியாதவர் ஆகிய மூவருக்கும் புதுசுதான் சரி. கடனும் எளிதாகக் கிடைக்கும்.

2020 ஏப்ரல் முதல் விற்பவை எல்லாம் பி.எஸ். 6 வண்டிகள். டீசல் வண்டி என்றால் புகை வடிகட்டியும், சில மாடல்களில் ஆட்புளூ திரவமும் இருக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்து, எடுத்தால் காய்கறி வாங்கக் கடைத்தெரு வரை ஓட்டினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்ட முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் வரிசை:

1. சேஸ் முடிவு செய்யுமுன் பாடி பில்டரைப் பாருங்கள். பஸ் பாடிக்குக் கரூர் பேர் போனது. புதுக்கோட்டையிலிருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாம். பஸ் கட்டுகிற எல்லோரும் கேரவனுக்கு ஒப்புதல் வாங்கியிருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். நீங்கள் வாங்கப்போகும் அதே சேஸ் மாடலுக்கு அவரிடம் கேரவன் ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள்.
2. அந்த நகலோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்கள். இந்த வடிவமைப்பை என்ன வகையாகப் பதிவீர்கள், வரி எவ்வளவு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.
3. கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளின் பிராண்டும் அளவும், பாடியின் எடையும் எழுத்தில் இருக்க வேண்டும்.
4. பணத்தை மூன்று தவணையாக்குங்கள்: தொடக்கத்தில், கூரையும் வயரிங்கும் முடிந்ததும், டெலிவரியில். வயரிங்கை பிளைவுட் போட்டு மூடுமுன் நேரில் போய் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒரு பியூஸ் போனால் அந்தப் போட்டோ கைகொடுக்கும்.
5. டெலிவரிக்கு முன் ஹோஸ் வைத்து, கூரை மேல் அரைமணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே நின்று மூலைகளைத் தடவிப் பாருங்கள். ஐப்பசி மழையில் கண்டுபிடிப்பதைவிட இது மேல்.
6. பாடி தனியாகக் கட்டிய வண்டிக்கு படிவம் 22ஏ வேண்டும். அதில் சேஸ் தயாரிப்பாளர் ஒரு பகுதியும், பாடி கட்டியவர் ஒரு பகுதியும் சான்று தர வேண்டும். இரண்டும் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

கை மாறிய வண்டி: பார்க்க வேண்டிய வரிசை

பட்ஜெட் குறைவானவருக்கும், தனக்கு இந்தப் பழக்கம் ஒத்துவருமா என்று இன்னும் உறுதியாகாதவருக்கும் இதுவே நல்ல வழி. புது வண்டியின் முதல் சில ஆண்டுத் தேய்மானத்தை வேறொருவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால் பார்த்து வாங்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். வண்டி அழகாக இருந்தால் காகிதத்தைப் பார்க்கக் கண் மறுக்கும். அதனால்தான் காகிதம் முதலில் வருகிறது.

*படி 1: வீட்டிலிருந்தே.* வண்டி எண்ணை வாங்கி, எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். எந்த வகை, எத்தனையாவது ஓனர், பைனான்ஸ் பாக்கி, இன்சூரன்ஸ், எஃப்.சி. முடியும் தேதி, வரி கட்டிய தேதி, இ-செலான் அபராதம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவர் சொன்னதும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால் கிளம்பவே வேண்டாம்.

*படி 2: எண்ணைப் படியுங்கள்.* நம்முடையது டி.என். 55. நாகப்பட்டினத்து 51, ராமநாதபுரத்து 65 என்று கடலோர எண் இருந்தால் உப்புக்காற்றுத் துருவைத் தேடுங்கள். நம் மாவட்டத்திலேயே கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் நின்ற வண்டிக்கும் இது பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தையும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களையும் புரட்டிப் போட்டது. மரம் விழுந்து நசுங்கிய கூரையைச் சரிசெய்து விற்றிருக்கவும் வாய்ப்புண்டு. சென்னை எண் என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி எண்ணுக்கும் 2023 டிசம்பர் பொருந்தும்.

*படி 3: வெள்ளம் புகுந்ததா?* சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, கடைசி முழத்தில் மண் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத் துரு, ஹெட்லைட்டுக்குள் வண்டல், பியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு இவையெல்லாம் தண்ணீர் ஏறியதைச் சொல்லும். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் பாய்க்கு அடியில் முகர்ந்து பாருங்கள்.

*படி 4: தகரம்.* ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, கூரையோரம் மழைநீர் ஓடும் பள்ளத்தில் ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி இருக்கிறது. சின்ன இடம் என்றால் பரவாயில்லை. கூரை முழுதும் பட்டி என்றால் வேண்டாம்.

*படி 5: அடிப்பகுதி.* பட்டறையில் குழிமேல் ஏற்றி, சேஸ் நெடுக டார்ச் அடியுங்கள். வெல்டிங் வைத்த இடம், வளைவு, புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்து மறைத்த இடம் மூன்றும் கேள்வி கேட்க வேண்டியவை. சேஸ் எண்ணை விரலால் தடவி, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

*படி 6: குளிர்ந்த எஞ்சின்.* காலையில், விற்பவர் ஸ்டார்ட் செய்து வைப்பதற்கு முன் போய் நில்லுங்கள். பானட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கூலன்ட் மூடியில் ஆயில் பிசுக்கு இருந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். பலமாகப் புகை தள்ளினால் எஞ்சின் வேலைக்கு நாள் நெருங்கிவிட்டது.

*படி 7: டயர்.* பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நின்றே கிடந்த கேரவனில் பட்டன் தேயாமலே டயர் காய்ந்து வெடிக்கும். பட்டனை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

*படி 8: ஓட்டம்.* ஒரு மணி நேரமாவது நீங்களே ஓட்டுங்கள். புதுக்கோட்டையில் வண்டி பார்த்தால் திருமயம் வரை நெடுஞ்சாலையில் போங்கள். திரும்பும்போது ஏதாவது கிராமச் சாலையில் இறங்குங்கள். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும், குண்டுங்குழியில் உள்ளே மரவேலை எப்படிக் கிறீச்சிடுகிறது என்று தெரியும். ஏ.சி.யை மதிய வெயிலில் போட்டுப் பாருங்கள், காலையில் அல்ல.

*படி 9: உள்ளே.* தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் திறங்கள். கட்டிலுக்கு அடியில் உள்ள பிளைவுட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் கசிவு பல மாதமாக இருக்கிறது என்று அர்த்தம்.

> எப்போது வாங்குவது? வேன் தேடுகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் தேடாதீர்கள். சபரிமலை சீசனில் ஓட்டம் இருக்கும் வண்டியை யாரும் விலை குறைத்துத் தர மாட்டார்கள். தை பாதிக்கு மேல் கேளுங்கள். மழை பெய்யும் நாளில் வண்டி பார்க்கக் கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள், கசிவு இருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

சவாரி வேனைத்தான் வாங்குவது என்றால்

மூன்றாவது வழியை நான் விரும்பவில்லை. ஆனாலும் நம் மாவட்டத்தில் பலருக்குக் கைக்கு எட்டுவது அதுதான். அப்படியானால் இதைக் கவனியுங்கள்.

டி போர்டு வண்டியை ஓன் போர்டாக மாற்ற, பர்மிட்டைச் சரண்டர் செய்து, வரி வித்தியாசம் கட்டி, ஆர்.சி.யில் வகையை மாற்ற வேண்டும். டிரைவரைச் சேர்க்காமல் 12 பேர் வரை என்றால் மேக்ஸி கேப். அதற்கு மேல் சீட் இருந்தால் விதி வேறு. உங்கள் வண்டியின் சீட் எண்ணிக்கைக்கு இது முடியுமா என்று முதலில் ஆபீஸில் கேளுங்கள். டி போர்டாகவே வைத்துக்கொண்டால் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும்.

உள்ளே எதையும் வெட்டாதீர்கள், துளை போடாதீர்கள், அனுமதியில்லாமல் சீட்டைக் கழற்றாதீர்கள். மடக்குக் கட்டில், ஐஸ் பெட்டி, சார்ஜில் ஓடும் ஃபேன், வெளியே இறக்கி வைத்துச் சமைக்கும் அடுப்பு என்று ஏற்றி இறக்கும் சாமானாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது எல்லாவற்றையும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். இப்படி ஓர் ஆண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு முறையான கேரவனுக்குப் போகலாம்.

விலையைக் கணக்கிடுவது

விற்பவரின் இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். பேரத்துக்கு அதுதான் நல்ல பிடி. வண்டியின் விலையில் ஓர் ஆண்டுவரை 15 சதவீதம், இரண்டாம் ஆண்டு முடிய 20, மூன்று முடிய 30, நான்கு முடிய 40, ஐந்து முடிய 50 சதவீதம் கழித்து அந்தத் தொகையைப் போடுகிறார்கள். கேட்கிற விலை ஐ.டி.வி.யைவிட மிக அதிகம் என்றால் காரணம் கேளுங்கள். மிகக் குறைவு என்றால் படி 3க்குத் திரும்பிப் போங்கள்.

அதன்மேல் இவற்றைக் கூட்டுங்கள்: டயர் செட், இரண்டு பேட்டரி, கூரை ஒட்டுவேலை, பெயர் மாற்றம், புது இன்சூரன்ஸ். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது அவருடையது. இந்தக் கூட்டுத்தொகை அதே அளவுப் புது வண்டி விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் புதுசையே வாங்குங்கள் என்பது என் அளவுகோல்.

உயிர் சம்பந்தப்பட்டவை

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓட விட்ட ஜெனரேட்டரின் புகையிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவர் எழவே மாட்டார்.

எனவே கை மாறிய கேரவனில் தரையில் உள்ள ஒவ்வொரு துளையையும் தேடுங்கள். பைப் போகும் இடம், வயர் போகும் இடம், கழற்றிய சீட்டின் போல்ட் துளை எதுவும் திறந்திருக்கக் கூடாது. வண்டிக்குள் அல்லது அடியில் ஜெனரேட்டர் பொருத்தியிருந்தால் அதை ஓட விட்டுத் தூங்கவே கூடாது. எஞ்சினை ஓட விட்டும் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கை அருகே வையுங்கள். புது வண்டியிலும் வையுங்கள்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டி தனியாக மூடப்பட்டு, அடியில் வெளியே திறக்கும் வழி இருக்க வேண்டும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். 5 கிலோ சிலிண்டரை வெளியே இறக்கி வைத்துச் சமைப்பதே பாதுகாப்பு. வெளிக் கரண்ட் எடுக்கும் வண்டியில், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். பவுடர் தீயணைப்பான் கதவருகே இருக்கட்டும்.

பணம் கொடுக்கும் நாள்

1. அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள். வண்டி எண், சேஸ் எண், மொத்த விலை, பெயர் மாறாவிட்டால் பணம் திரும்ப வரும் என்ற வரி, நான்கும் அதில் இருக்கட்டும்.
2. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் முன் கையெழுத்திட வேண்டும். வெற்றுப் படிவத்தில் யாரோ போட்ட கையெழுத்தை ஏற்காதீர்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு படிவம் 31 மூலம் மாறிய பிறகே வாங்குங்கள்.
3. பைனான்ஸ் இருந்தால் படிவம் 35உம் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் வேண்டும். வேறு மாநில வண்டிக்கு, அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.யான படிவம் 28 இல்லாமல் ஊருக்கு ஓட்டி வராதீர்கள்.
4. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பெயர் மாறும் வரை விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை விற்பவரிடம் எடுத்துச் சொன்னால் அவரே உங்களோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வருவார்.
5. வண்டி கைக்கு வந்த வாரமே, தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, குடும்பத்தையும் உட்கார வைத்து எடை மேடைக்குப் போங்கள். நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ. காட்டும் எடை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் எதை இறக்குவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு என்று தனித்தனியாக வாங்கி ஆர்.சி. நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். டயர் காற்றழுத்தத்தை அந்த எடைக்கு ஏற்றபடி பிடிக்க அது தேவைப்படும்.